பத்துப் பேர் இருந்தால்தான் பண்டிகை
(பொங்கல் விழா ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொங்கல் விழா ஏற்பாடுகளைப் பேசுவதற்கு முன், கொச்சியில் உள்ள ஓர் ஆலயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்கிறேன்.

கேரளச் சுற்றுலா போனவர்கள் மட்டாஞ்சேரி யூதர் தெருவைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1568-இல் கட்டிய ‘பரதேசி சினகாக்’ இருக்கிறது. சினகாக் என்றால் யூதர்களின் ஜெப ஆலயம். பரதேசி என்றதும் சிரிக்காதீர்கள். வேறு தேசத்திலிருந்து வந்தவர் என்பதுதான் பொருள். அப்படிப் பார்த்தால், மதுரை, நெல்லை, தஞ்சாவூர் என்று பல ஊர்களிலிருந்து ஊரப்பாக்கம் வந்து சேர்ந்த நாமும் ஒருவகையில் பரதேசிகள்தான்!

அங்கே பண்டிகைகள் விமரிசையாக நடந்தன. பஸ்கா பண்டிகைக்கு மாதக்கணக்கில் முன்பே அரிசி புடைத்துச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். கூடாரப் பண்டிகைக்கு ஓலைப் பந்தல் போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது முடிந்ததும் ‘சிம்ஹத் தோரா’. வேதச் சுருளை வாசித்து முடித்து, உடனே முதலிலிருந்து மறுபடி தொடங்கும் நாள் அது. அடுக்கடுக்காக எண்ணெய் விளக்குகள் எரியும். சுருள்களை ஏந்திப் பாடிக்கொண்டே ஆலயத்துக்கு வெளியேயும் சுற்றி வருவார்கள். பார்த்தால் நம் ஊர் சுவாமி புறப்பாடு நினைவுக்கு வரும். கொச்சி யூதப் பெண்களுக்கு மலையாளத்திலேயே பண்டிகைப் பாட்டும் கல்யாணப் பாட்டும் உண்டு. அவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பாதுகாத்தார்கள்.

1968-இல் ஆலயத்தின் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார். தபால்தலையும் வெளியானது. ஆனால் அதற்குள் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டார்கள். யாரும் விரட்டவில்லை, அவர்களாகவே போனார்கள்.

நம் பொதுக்குழுவுக்குக் கோரம் இருப்பதுபோல, அவர்களுடைய கூட்டு வழிபாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. மரபுப்படி, வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். கையால் வண்ணம் தீட்டிய சீன ஓடுகள், சரவிளக்குகள், மணிக்கூண்டு எல்லாம் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. பத்துப் பேர்தான் இல்லை. சுற்றுலா வந்த வெளிநாட்டு யூதர்களைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கணக்கை நிரப்பிய நாட்கள் உண்டு.

சென்னையிலும் இதே கதைதான். 1688-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். இன்று அவர்கள் நினைவாக லாயிட்ஸ் சாலையில் ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? நம்மிடமும் ஹால் இருக்கிறது, மைக் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படங்கள் வந்து குவிகின்றன. ஆனால் பானை பொங்கும்போது ‘பொங்கலோ பொங்கல்’ சொல்ல எத்தனை பேர் கீழே வருகிறோம்?

எனவே மூன்று யோசனைகள். ஒன்று, போகிக்கு முன்பே பலர் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடுவதால், விழாவை அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வைப்போம். இரண்டு, பண்டிகை நாளில் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கும் முதியவர்களை யாராவது ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம். மூன்றாவதுதான் முக்கியம். வாடகைக்கு இருப்பவர்கள் சங்க உறுப்பினர் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வட இந்தியக் குடும்பமோ, வேறு மதத்தவரோ, கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். மட்டாஞ்சேரியில் வழிப்போக்கர் வந்துகூடப் பத்து நிறைந்தது. நம் பத்து, எதிர் ஃபிளாட்டிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் பத்துப் பேர் கீழே வந்தால் போதும். பிளாக் பிரதிநிதிகள் இன்றைக்கே பெயர் எழுதத் தொடங்குங்கள். அடுப்புக்குச் செங்கல் நான் கொண்டு வருகிறேன்.