பழைய சைக்கிளில் விரிசல்: ஓட்டுவதா, ஒட்டுவதா, வெட்டுவதா?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் மூன்றையும் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். இருந்தும் சைக்கிளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி.

நம் வளாகத்தில் குழந்தைகள் வளர வளர சைக்கிள்கள் வீடு மாறுகின்றன. ஏ பிளாக்கில் வாங்கியது இரண்டு வருடத்தில் சி பிளாக்கில் ஓடுகிறது. நல்ல பழக்கம்தான். தடித்த டயரும் கியரும் உள்ள மவுன்டன் பைக் என்றால் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்ட அரை மணி நேரத்தில் விலை போய்விடும். போன மாதம் அப்படிக் கைமாறிய ஒரு வண்டியில், சீட்டுக்குக் கீழே ஃபிரேமில் விரிசல் இருந்தது. வாங்கியவர் கழுவும்போதுதான் பார்த்தார். விற்றவருக்கும் அதுவரை தெரியாது. இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல். யார் என்று இங்கே யாரும் தேட வேண்டாம். நாளை அது நம்மில் யாராகவும் இருக்கலாம். வேலைக்காலம் முழுவதும் வெல்டிங் பரிசோதனையில் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், விரிசல் ஏன் வருகிறது? ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிகிறது அல்லவா? அதே கதைதான். ஒவ்வொரு மிதிக்கும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஃபிரேம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. ஸ்டீலில் ஓர் எல்லைக்குக் கீழான சுமையை எத்தனை தடவை கொடுத்தாலும் பெரும்பாலும் தாங்கிவிடும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சிறு சுமையும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ‘பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறதே’ என்பது அலுமினிய வண்டிக்குச் சான்றிதழ் ஆகாது.

உங்கள் வண்டி எது என்று தெரியவில்லையா? ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஃபிரேமில் வையுங்கள். ஒட்டினால் ஸ்டீல். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம்.

எங்கே பார்ப்பது? குழாய்கள் சேருகிற இடங்களில். முக்கியமாக நான்கு. ஒன்று, ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்கக் குட்டைக் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடம். இரண்டு, சீட் கம்பி உள்ளே இறங்கும் குழாயின் வாய். மூன்று, பெடல் அச்சைச் சுற்றிய பகுதி. நான்கு, பின்சக்கரம் மாட்டும் இரு பக்கமும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திக் கழுவித் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஸ்டிக்கருக்கு அடியிலும் கேபிள் கிளிப்புக்கு அடியிலும் பார்க்க மறக்காதீர்கள்.

ஒரு கோடு தெரிந்தால் பதற வேண்டாம். பெயின்ட் மட்டும் வெடித்திருக்கலாம். கோட்டின் இரு முனைகளிலும் மெல்லிய பேனாவால் புள்ளி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மட்டும் பெயின்டை மெல்லச் சுரண்டுங்கள். கீழே உலோகம் சுத்தமாக இருந்தால் நிம்மதி. கோடு உலோகத்திலும் தொடர்ந்தால் அது விரிசல். ஸ்டீலில் அந்தக் கோட்டிலிருந்து துருக்கறை கசிவதும் உண்டு.

இன்னும் சந்தேகமா? வெல்டிங் பொருள் விற்கும் கடைகளில் மூன்று ஸ்பிரே டப்பா கொண்ட ஒரு செட் கிடைக்கும். சாயம் ஊடுருவும் சோதனை என்பார்கள். முதல் டப்பாவால் சுத்தம் செய்து உலரவிட வேண்டும். பிறகு சிவப்புச் சாயம். பத்து நிமிடம் பொறுத்துத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, வெள்ளைப் பொடியை அடிக்க வேண்டும். விரிசலுக்குள் புகுந்த சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக எழும்பி வரும். அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமில்லை. காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுச் செய்யுங்கள்.

விரிசல்தான் என்று உறுதியானால்? அந்த நிமிடமே ஓட்டுவதை நிறுத்துங்கள். ‘சின்னதுதானே, வளாகத்துக்குள்தானே ஓட்டுகிறான்’ என்று சொல்லாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரத்தில், ஃபிரேமைச் சோதனை மேடையில் பூட்டிப் பெடல்களில் 1,00,000 சுற்று சுமை கொடுத்துப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற விரிசல் வந்தாலே தோல்வி. ‘சின்ன விரிசல், பரவாயில்லை’ என்ற மதிப்பெண் அங்கே கிடையாது. காரணம், விரிசலின் நுனியில் சுமை குவிகிறது. நாள் கணக்கில் மெல்ல நகர்ந்தது, கடைசியில் ஒரே நொடியில் பிளந்துவிடும். முன்பக்கக் குழாய் பிரிந்தால் ஓட்டுகிற பிள்ளை முகம் குப்புற விழும். பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது.

அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது: ‘வெல்டிங் வைத்துவிட்டால் என்ன சார்?’

அலுமினியத்துக்கு என் பதில், வேண்டாம். மவுன்டன் பைக்குகளில் அதிகம் பயன்படுவது 6061 என்ற அலுமினியக் கலவை. பற்றவைத்த ஃபிரேமைச் சுமார் 530 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவார்கள். டி6 என்று ஃபிரேமில் எழுதியிருப்பது அந்தப் பதத்தைத்தான். அந்த நிலையில் அது வளையாமல் தாங்கும் அளவு சுமார் 276 மெகாபாஸ்கல். பதமே இல்லாத நிலையில் சுமார் 55. நீங்கள் விரிசலில் வெல்டிங் வைத்தால், விரிசல் மூடும். ஆனால் சூடு பட்ட சுற்றுப்பகுதியின் பதம் போய்விடும். புது விரிசல் பழையதற்கு அருகிலேயே கிளம்பும். கிரில் கேட் செய்யும் பட்டறையில் ஃபிரேமைத் திரும்பப் பதப்படுத்தும் உலை இருக்காது. எம்-சீல், எபாக்சி பூசுவது இன்னும் மோசம். விரிசலைப் பார்வையிலிருந்து மறைப்பதைத் தவிர அது எதுவும் செய்யாது.

ஸ்டீல் ஃபிரேம் வேறு. மெல்லிய குழாயில் பழகிய கை இருந்தால் டிக் வெல்டிங்கோ பித்தளைப் பற்றோ வைக்கலாம். அதுவும் பின்பக்க இணைப்புகளில். முன்பக்கக் குழாயில் விரிசல் என்றால் ஸ்டீலாக இருந்தாலும் நான் பிள்ளைக்குத் தரமாட்டேன்.

வண்டி முழுவதும் வீணா என்றால், இல்லை. சக்கரம், கியர், பிரேக், ஹேண்டில்பார், சீட் எல்லாம் வேறு ஃபிரேமுக்குப் போகும். சக்கர அளவு, சீட் கம்பியின் விட்டம், பெடல் அச்சுக் கூட்டின் அகலம் மூன்றையும் அளந்துகொண்டு நம்பகமான மெக்கானிக்கிடம் போங்கள். கம்பெனி வாரன்டி பொதுவாக முதலில் வாங்கியவருக்கே செல்லும். அதனால் விற்றவரிடம் பழைய பில் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

பணத் தகராறுக்கு வருவோம். பெரும்பாலும் விற்பவர் ஏமாற்றுவதில்லை. அவரும் பார்த்திருக்கமாட்டார். ஆகவே விற்கும் முன் கழுவி, நான் சொன்ன நான்கு இடங்களையும் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். வாங்கிய ஒரு வாரத்துக்குள் விரிசல் தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவது என்று நமக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். சில ஆயிரம் ரூபாய்க்காக லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வது யாருக்கும் நல்லதில்லை.

தடுக்கவும் ஒரு வழி உண்டு. சீட் கம்பியில் ‘இதற்கு மேல் தூக்காதே’ என்று ஒரு கோடு இருக்கும். பிள்ளை உயரமாகிவிட்டான் என்று அந்தக் கோட்டைத் தாண்டித் தூக்கினால், கம்பி நெம்புகோல் மாதிரி வேலை செய்து குழாயின் வாயைப் பிளக்கும். கோடு வெளியே தெரிந்தால் நீளமான கம்பி வாங்குங்கள், அல்லது பெரிய வண்டிக்கு மாறுங்கள்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் நான் பேச வந்தேன். ‘நம்ம பிள்ளைக்கு வேண்டாம், செக்யூரிட்டி அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிடலாம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மனதில் நல்லெண்ணம்தான். ஆனால் நம் பிள்ளை வளாகத்துக்குள் ஓட்டவே ஆபத்து என்று நினைத்த வண்டியை, அந்தப் பிள்ளை பஸ்ஸும் லாரியும் போகிற சாலையில் பள்ளிக்கு ஓட்டிப் போவான். வீட்டு வேலைக்கு வரும் அக்கா தந்ததை வேண்டாம் என்று சொல்லமாட்டார், ஏன் விரிசல் என்றும் கேட்கமாட்டார். கேட்கமுடியாதவரிடம் கொடுக்கும்போதுதான் நமக்குப் பொறுப்பு கூடுகிறது.

எனவே விரிசல் விட்ட ஃபிரேமைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன், ஹாக்சா பிளேடால் மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் அறுத்துவிடுங்கள். அறுக்காமல் போட்டால் பெயின்ட் அடித்து யாரோ மறுபடி ஓட்டுவார்கள். கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் நல்ல வண்டியாகக் கொடுங்கள்.

பேஸ்மென்ட்டில் கேட்பாரற்று நிற்கும் சைக்கிள்களை ஒரு ஞாயிறு காலை எல்லோருமாகச் சேர்ந்து பார்த்துவிடலாம். டார்ச்சும் காந்தமும் நான் கொண்டுவருகிறேன். உங்கள் வண்டியைக் கழுவிக் கொண்டுவாருங்கள், அது போதும்.