கண்ணாடிப் பெட்டியிலிருந்து தாய்மார்புக்கு

மாதம் நிறையுமுன் பிறந்து, பேராதனை போதனா வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் காக்கப்பெற்ற சிசுவொன்று, ஹந்தானை மலைச்சாரலிலுள்ள தன் இல்லம் சேர்கின்றது என்று கொள்வோம். குளிர்ந்த அவ்விடத்தில், பெட்டி தந்த வெப்பத்தை இனித் தருவது எது? அடுப்பா? கரிச்சட்டியா? இரண்டுமல்ல, புகை இளம் நுரையீரலுக்குப் பகை.

தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாத நிலையில், 1978ஆம் ஆண்டு எட்கார் ரே என்னும் மருத்துவர் ஒரு வழி கண்டார். சிசுவைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி அணைத்துக் கட்டச் செய்தார். தாயின் உடற்சூடே காப்பாயிற்று. கங்காரு முறை எனப்படும் இதனைத் தந்தையும் பாட்டியும்கூடச் செய்யலாம். சிசுவின் முகம் ஒருபுறம் திரும்பியிருத்தல் வேண்டும்; மூக்கும் வாயும் மூடப்படலாகாது. தனியே உறங்கும்போது மல்லாத்திக் கிடத்துங்கள்.

சிசுவைத் தொடுமுன் எவரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. தடிமன் உடையவர் விலகி நிற்க. அது மரியாதைக் குறைவன்று.

குறைமாதச் சிசுவின் வளர்ச்சியை, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடுக. தடுப்பூசிகளுக்கோ பிறந்த நாளே கணக்கு. ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி மருத்துவமாதுவைக் கேளுங்கள்.

பாலை மறுத்தல், உடல் சில்லிடுதல், மூச்சுத் திணறல், உதடு நீலமாதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், விடியட்டும் என்று காத்திராதீர்கள். 1990 என்னும் இலக்கத்தை அழையுங்கள். அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். சிசுவை மார்போடு அணைத்தவாறே புறப்படுங்கள்.