ரோமாபுரியின் குருவானவர்



அந்நியப் படை நாட்டைப் பிடித்திருக்கும்பொழுது சமய குருவின் கடன் யாது? பூசையும் பிரார்த்தனையும் போதும் என்பார் உளர். அவர்களுக்கு எதிராக ஒரு கற்பனைப் பாத்திரத்தைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கின்றேன். நீதிமன்றம் இதனை ஏற்காது, நீங்கள் ஏற்பீர்கள்.

1945ஆம் ஆண்டில் ரொசெலினி எடுத்த ‘ரோம், திறந்த நகரம்’ என்னும் திரைப்படத்தில் வரும் பியேத்ரோ சுவாமியாரே அவர். 1943 செப்டெம்பர் முதல் 1944 யூன் வரை ஜேர்மானியப் படை ரோமாபுரியை அடக்கியாண்ட காலத்துக் கதை அது. சுவாமியார் வீரர் அல்லர், பருத்த உடலினர், தெருச் சிறுவரோடு பந்தாடுபவர். ஆயினும் புத்தகங்களுக்குள் பணத்தை ஒளித்துப் போராளிகளிடம் சேர்ப்பிக்கின்றார். தலைமறைவானோருக்குப் போலிப் பத்திரங்கள் தேடிக் கொடுக்கின்றார். போலிப் பத்திரம் குற்றமன்றோ என என் தொழிலினர் கேட்பர். எவருடைய சட்டப்படி குற்றம் என்பதே என் கேள்வி.

பிடிபட்ட சுவாமியாரிடம் ஜேர்மானிய அதிகாரி வாதிடும் விதத்தைக் கவனியுங்கள். போராளித் தலைவன் மன்பிரெடி பொதுவுடைமைவாதி, கடவுளை மறுப்பவன், உமக்கே பகைவன், அவனை ஏன் காக்கின்றீர் என்கிறான். பிரித்தாள்வோரின் பழைய தந்திரம் இது! நீதிக்காகப் போராடுபவன் இறைவன் வழியிலேயே நடக்கின்றான் என்பது சுவாமியாரின் விடை. தாம் அறிந்த சிறிதும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது. அது தம்மோடு மாளும் என்கிறார்.

இது வெறுங் கற்பனையன்று. யுசெப்பே மொரோசினி, பியேத்ரோ பப்பகாலோ என்னும் உண்மையான இரு குருமாரின் சாயல் இப்பாத்திரத்தில் உண்டு. மொரோசினி 1944 ஏப்பிரல் 3ஆந் திகதி சுடப்பட்டார். பப்பகாலோ, அதே ஆண்டு மார்ச் 24இல் ஆர்தியாற்றீன் குகைகளில் கொல்லப்பட்ட 335 பேருள் ஒருவர். குண்டுவீச்சில் மாண்ட 33 படையினருக்காக, ஒருவருக்குப் பத்துப் பேர் என்பது கொலைஞர் வகுத்த கணக்கு. அக்கணக்கின்படியும் ஐவர் மிகை! தனிமனிதர் செயலுக்காகக் குடிமக்கள் அனைவரையும் தண்டித்தலாகாது என 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின் 50ஆம் பிரிவு அன்றும் ஏட்டில் இருந்தது.

மன்பிரெடி சித்திரவதையில் மாள்கின்றான். சுவாமியாரைச் சுட இத்தாலியப் படையினர் நிறுத்தப்படுகின்றனர். அவர்கள் வேண்டுமென்றே குறி தப்பச் சுடுகின்றனர். ஜேர்மானிய அதிகாரி தன் கையாலேயே சுட்டு முடிக்கவேண்டியதாயிற்று. வேலிக்கு அப்பால் நின்று பார்த்த சிறுவர்கள் நகரை நோக்கி நடக்கின்றார்கள்.