அடுத்த எண் யாது?



2, 5, 10, 17. இவற்றை அடுத்து வரும் எண் யாது? பரீட்சை வினாத்தாள்களில் இத்தகைய வினா அடிக்கடி இடம்பெறும். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்களை எடுத்துப் பாருங்கள். அவை 3, 5, 7 ஆகும். அடுத்த வித்தியாசம் 9 எனக் கொண்டால், விடை 26. வித்தியாசங்களை எடுத்து நோக்கும் இம்முறை எளியது, பயன்மிக்கது. ஆயினும் அது கூறுவது விடை அன்று, ஓர் ஊகம் மட்டுமே.

இன்னொரு தொடரைக் கேளுங்கள்: 1, 2, 4, 8, 16. அடுத்தது 32 என்று பலரும் தயங்காது கூறுவர். ஒரு மாணவி 31 என்று எழுதினால் என்ன செய்வது? பிழை என்று கோடிடுமுன் ஒரு வட்டத்தை வரைந்து பார்ப்போம்.

வட்டத்தின் பரிதியிலே சில புள்ளிகளை இடுக. ஒவ்வொரு புள்ளியையும் மற்றெல்லாப் புள்ளிகளுடனும் நேர்கோடுகளால் இணைக்குக. வட்டத்தினுள்ளே மூன்று கோடுகள் ஓரிடத்திற் சந்தியாதவாறு பார்த்துக்கொள்க. ஒரு புள்ளியாயின் வட்டம் பிரிவதில்லை, ஒரே பகுதி. இரண்டு புள்ளிகளுக்கு 2 பகுதிகள், மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிகளுக்கோ 31 பகுதிகளே கிடைக்கும்.

காரணம் யாது? முழு வட்டம் ஒரு பகுதி. வரையப்படும் கோடு ஒவ்வொன்றும் ஒரு பகுதியைக் கூட்டுகிறது. வட்டத்தினுள்ளே கோடுகள் வெட்டும் இடம் ஒவ்வொன்றும் மேலும் ஒன்றைக் கூட்டுகிறது. ஆறு புள்ளிகளுக்குக் கோடுகள் 15. வெட்டும் இடங்களும் 15. ஒன்றுடன் இவற்றைக் கூட்ட 31 வருகிறது. ஏழு புள்ளிகளுக்கு இவ்வாறே 57 ஆகும். ஆகவே அம்மாணவியின் விடைக்குப் பின்னே உறுதியான நியாயம் ஒன்று இருக்கக்கூடும்.

ஐந்து எண்கள் போதாமையால் ஏமாந்தோம். நாற்பது எண்கள் இருந்தாற் போதுமா என்று நீங்கள் வினவலாம். 41, 43, 47, 53 என, வித்தியாசம் இரண்டிரண்டாகக் கூடிச் செல்லும் தொடரொன்றைக் கணித மேதை ஒயிலர் 1772ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதன் முதல் நாற்பது எண்களும் முதன்மை எண்கள். ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. நாற்பத்தோராவது எண்ணோ 1681. அது 41ஐ 41ஆற் பெருக்க வருவது! நாற்பது சான்றுகள் ஒருமுகமாகக் கூறியதை அடுத்த சான்று மறுத்துவிட்டது.

உண்மையில், கொடுக்கப்பட்ட சில எண்களுக்குப் பின் எந்த எண்ணை வைத்தாலும், அதற்குப் பொருந்தும் சூத்திரம் ஒன்றை அமைத்துவிடலாம். ஆதலின் தொடரை ஆக்கும் விதியைக் கூறாது அடுத்த எண்ணை மட்டும் கேட்பது குறைபட்ட வினாவேயாகும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளிடம் அடுத்த எண்ணைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. 'எந்த விதியைக் கண்டாய்? அவ்விதி என்றும் நிலைக்கும் என்பதற்குக் காரணம் என்ன?' என்றும் கேட்டல் வேண்டும். முதல் வினா ஊகத்தை வளர்க்கும். இரண்டாம் வினாவே அறிவை வளர்க்கும்.