காப்பிக் கடையும் கிராம க்ஷேமமும்

(கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே செய்த பிரசங்கம்)



காப்பிக் கடையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். கடனையும் விதையையும் உரத்தையும் பற்றிப் பேச வேண்டிய சபையில் இதுவும் ஒரு விஷயமா என்று தங்களில் சிலர் எண்ணக்கூடும். இந்தக் கருணாபுரத்தில் நின்று யோசித்தால் இது அற்ப விஷயமன்று என்பது விளங்கும்.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இங்கே நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் அன்றாடம் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். மெத்தனாலைக் கண்ணாலும் மூக்காலும் சாராயத்திலிருந்து பிரித்தறிவது அரிது. உடலிற் சென்றபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் பார்வையைக் கெடுக்கும், உயிரையும் கவரும். குடித்தவனுக்குப் பார்வை மங்கினாலும் வாந்தி கண்டாலும் ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் மாலையில் நாடுவது போதையை மாத்திரமன்று. உட்கார ஓர் இடமும், பேச நாலு பேரும், தன் சொல்லைக் கேட்க ஒரு செவியும் அவனுக்கு வேண்டும். இவற்றை ஊரார் கொடாவிடில், சாராயம் விற்பவன் கொடுப்பான்.

நமக்கு மேற்கேயுள்ள சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை அமுலுக்குக் கொண்டுவந்தது. கடைகளை மூடியதோடு நில்லாமல், ஜனங்களின் மாலைப்பொழுதுக்கு விளையாட்டு, பஜனை முதலிய ஏற்பாடுகளும் வேண்டும் என்பது அக்காலத்தில் உணரப்பட்டது. சட்டம் ஒரு கதவை அடைக்கலாம். வேறொரு கதவைத் திறப்பது ஊராரின் கடமை.

காப்பிக் கடை அத்தகைய கதவாக இருந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரில் ஒரு பென்னி கொடுத்தவன் காப்பிக் கடையில் அமர்ந்து, பத்திரிகை படித்து, வர்த்தகச் செய்திகளையும் அறியலாம். எட்வர்டு லாயிட் என்பவருடைய கடையில் கூடிய கப்பல் வியாபாரிகளிடமிருந்தே லாயிட்ஸ் என்னும் பெரிய இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் வளர்ந்தது. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1675-ல் இக்கடைகளை மூடும்படி உத்தரவிட்டு, ஜனங்களின் எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே அதை வாபஸ் பெற்றார். நம் நாட்டிலும், எழுத்தறியாதவர் பத்திரிகைச் செய்தியை ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்டறிந்தது டீக்கடைப் பெஞ்சுகளிலேதான்.

ஆயினும் ஒரு களங்கத்தை மறைத்தல் கூடாது. நம் காப்பி ஓட்டல்களிற் பல பிராமணர்க்கு வேறிடம், மற்றவர்க்கு வேறிடம் என்று வைத்திருந்தன. 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கும்படி பெரியார் ஈ.வெ.ரா. மறியல் நடத்தினார். கிராமங்களிலோ இரட்டைத் தம்ளர் முறை நெடுங்காலம் நிலவியது. சிற்சில இடங்களில் இன்னும் மறையவில்லை. தீண்டாமைக் குற்றத்துக்கான 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஓட்டலில் பொதுவாக வைத்த பாத்திரத்தை ஒருவனுக்கு மறுப்பது தண்டனைக்குரியது. பாதிப் பேர் வாசலில் நின்று குடிக்கும் இடத்தில் நாலு பேர் கூடிப் பேசுவது எங்ஙனம்?

இது கூட்டுறவுக்கு ஏற்ற தொழிலா என்று கேட்பீர்கள். காப்பி போர்டு நடத்திவந்த காப்பி ஹவுஸ்கள் 1950-களில் மூடப்பட்டபோது, வேலையிழந்த சிப்பந்திகள் ஏ.கே. கோபாலன் அவர்களின் வழிகாட்டுதலால் தாங்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957-ல் பெங்களூரிலும் டில்லியிலும் அவை ஆரம்பமாயின. புதுச்சேரி நேரு வீதியில் இந்தியன் காப்பி ஹவுஸைத் தங்களிற் சிலர் பார்த்திருக்கலாம். பரிமாறுகிறவர்களே சொந்தக்காரர்களாய் நடத்திய முயற்சி இது.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளை நிறுவிய பிரதேசத்தில் ஒரு காப்பிக் கடை நடத்துவது அசாத்தியமா? தங்கள் யோசனைக்குச் சில விதிகளைச் சொல்லுகிறேன்.

1. மூலதனம் அங்கத்தினர்களின் சிறு பங்குகளால் சேரவேண்டும். பாலை உள்ளூர்ப் பால் சங்கத்தில் வாங்குக.

2. கடனுக்குக் கொடுத்தல் கூடாது. கடனால் மூழ்கிய கடைகள் பல.

3. எல்லோர்க்கும் ஒரே தம்ளர், ஒரே பெஞ்சு.

4. வேலை முடிந்து வருவோர்க்காக இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கவேண்டும். தினசரிப் பத்திரிகை இருக்கட்டும்; படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும்.

5. பெண்களும் தடையின்றி வந்து அமர இடம் வேண்டும். குடியின் துன்பத்தை முதலில் அனுபவிப்பவர்கள் அவர்களே.

6. மாதந்தோறும் வரவு செலவைப் பலகையில் எழுதி வைக்கவேண்டும்.

காப்பி ஒன்றே குடிப்பழக்கத்தைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பழக்கம் முற்றியவனுக்கு வைத்திய உதவி அவசியம். காப்பியும் அளவோடு பருகவேண்டியதே. ஆனால் ஒருவன் மாலையில் வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று விசாரிக்க ஓர் இடம் ஊரில் இருக்கவேண்டும். அவ்விசாரிப்பால் ஓர் உயிர் தப்பினாலும் தங்கள் பங்குத் தொகைக்கு அதனினும் பெரிய லாபம் வேறில்லை.

இதை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசித்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.