காவலர் உடலில் கேமரா: பதிவு யார் கையில்?

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

காவலர்கள் சீருடையில் கேமரா அணிந்து பணியாற்ற வேண்டும் என்ற கோரிக்கை நாடெங்கும் பேசப்படுகிறது. பல மாநகரங்களில் போக்குவரத்துக் காவலர்களுக்கு அவை ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளன. இதில் நமது நிலைபாடு என்ன என்று தோழர்கள் கேட்கிறார்கள். நம்மிடையே இரு கருத்துகள் உள்ளன. கேமரா வந்துவிட்டால் லாக்கப் சித்திரவதை ஓய்ந்துவிடும் என்பது ஒன்று. அரசு என்பதே ஆளும் வர்க்கத்தின் ஒடுக்குமுறைக் கருவியாக இருக்கும்போது, அதன் சட்டையில் கேமரா பொருத்துவதால் என்ன மாறிவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே நம்மைச் சரியான முடிவுக்கு இட்டுச் செல்லா. கேமராவை நாம் கோர வேண்டும். ஆனால் அதன் பதிவு யாருடைய பொறுப்பில் இருக்கும் என்ற கேள்வியோடு சேர்த்தே கோர வேண்டும். இதுவே என் உரையின் சாரம்.

பழைய நோய்

காவல்துறைச் சித்திரவதை சில அதிகாரிகளின் குணக்கேட்டால் விளைவது என்று முதலாளித்துவ ஏடுகள் எழுதுகின்றன. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்கள் வதைக்கப்பட்டதை விசாரித்த ஆணையம் 1855ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. காரல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிபியூன் ஏட்டில் எழுதிய கட்டுரையில் அந்த அறிக்கையை எடுத்தாண்டார். வதைபட்டவர் நிவாரணம் பெறுவது எவ்வளவு கடினம் என்பது அதில் வெளிப்பட்ட உண்மைகளுள் ஒன்று. 1857 எழுச்சியை நசுக்கிய பின், 1861இல் ஆங்கிலேயர் காவல் சட்டத்தைக் கொண்டுவந்தனர். மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத, ஆட்சியாளருக்கு மட்டுமே கட்டுப்பட்ட காவல்துறை அதில் வடிவம் பெற்றது. விடுதலைக்குப் பின்னும் அந்த அமைப்பு அடிப்படையில் மாறவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2001 முதல் 2020 வரையிலான இருபது ஆண்டுகளில் காவல் மரணங்கள் 1,888. இவை தொடர்பாகக் காவலர்கள் மீது பதியப்பட்ட வழக்குகள் 893. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டவர்கள் 358 பேர். தண்டிக்கப்பட்டவர்கள் வெறும் 26 பேர். சுவர்களுக்குள் நடப்பதற்குச் சாட்சி இல்லை. இருக்கும் சாட்சிகளும் அதே துறையினர். எனவே குற்றம் மெய்ப்பிக்கப்படுவதில்லை. கேமராவுக்கான கோரிக்கை இந்த இடத்திலிருந்தே பிறக்கிறது. அது நியாயமான கோரிக்கை.

உத்தரவுகள் இருந்தும்

நீதிமன்றங்கள் உத்தரவிடாமல் இல்லை. கைதின்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகளை டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வகுத்தது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று அளித்த தீர்ப்பு மேலும் தெளிவானது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் என எவ்விடமும் விடுபடாமல் சிசிடிவி கேமரா வேண்டும். அது ஒலியையும் பதிய வேண்டும், இருளிலும் காண வேண்டும். பதிவுகள் 18 மாதங்கள், அதற்கான கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கப்பட வேண்டும். மாநில, மாவட்ட அளவில் மேற்பார்வைக் குழுக்கள் அமைய வேண்டும் என்று அது கட்டளையிட்டது. சிபிஐ, தேசியப் புலனாய்வு முகமை, அமலாக்கத்துறை ஆகியவற்றின் விசாரணை அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

நடைமுறை என்ன? 2025ஆம் ஆண்டின் முதல் ஏழெட்டு மாதங்களில் ராஜஸ்தானில் மட்டும் காவலில் 11 பேர் இறந்ததாக ஒரு நாளேடு செய்தி வெளியிட்டது. அதன் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் தானாகவே வழக்கைக் கையில் எடுத்து, காவல் நிலையங்களில் கேமராக்கள் இயங்காதது குறித்து விசாரிக்க நேர்ந்தது. தீர்ப்பு வந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின் இருந்த நிலை இது.

மூன்று நிகழ்வுகளை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகக் கூறித் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் வதைக்கப்பட்டு இறந்தனர். அங்கே கேமரா இருந்தது. பதிவைச் சேமிக்கப் போதிய கொள்ளளவும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளின் பதிவும் தானாகவே அழிந்துவிடும்படி அது அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார்.

அதே ஆண்டு பிப்ரவரியில் வடகிழக்கு தில்லி. கலவரத்தினிடையே காயமுற்றுக் கிடந்த இளைஞர்களைச் சீருடையினர் தடியால் அடித்துத் தேசிய கீதம் பாடச் சொன்ன காட்சியை நாடே கண்டது. அது கைப்பேசியில் எடுக்கப்பட்ட காட்சி. அவர்களுள் 23 வயது இளைஞர் ஒருவர் பின்னர் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டார். வெளியே வந்தபின் இறந்தார். அந்த நாட்களில் நிலையத்தின் கேமராக்கள் இயங்கவில்லை என்றது காவல்துறை. 2024 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது.

மூன்றாவது கேரளத்தின் குன்னங்குளம். 2023 ஏப்ரலில் இளைஞர் காங்கிரஸ் நிர்வாகி ஒருவர் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டார். அங்கே கேமரா இயங்கியது, பதிவும் அழியவில்லை. எனினும் இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் போராடி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவே அந்தப் பதிவு 2025 செப்டம்பரில் வெளிவந்தது. பின்னரே காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். இது இடது ஜனநாயக முன்னணியின் ஆட்சிக் காலத்தில் நடந்தது என்பதைச் சொல்லாமல் கடந்து செல்வது கம்யூனிஸ்டுகளுக்கு அழகன்று. தாக்கப்பட்டவர் எதிர்க்கட்சிக்காரர் என்பதால் நமது அளவுகோல் மாறாது. அமைச்சரவை மாறுவதால் மட்டும் காவல் நிலையத்தின் குணம் மாறிவிடுவதில்லை என்ற பாடத்தை நாம் இதிலிருந்து பெற வேண்டும்.

ஓரிடத்தில் பதிவு அழிந்தது. ஓரிடத்தில் கேமரா இயங்கவில்லை. ஓரிடத்தில் பதிவு இருந்தும் தரப்படவில்லை. மூன்றிலும் கேமராவின் சாவி குற்றச்சாட்டுக்கு உள்ளான துறையிடமே இருந்தது.

வெளிநாட்டு அனுபவம்

உடலில் அணியும் கேமராக்கள் அமெரிக்காவில் பெருமளவில் பயன்பாட்டில் உள்ளன. கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறு நகரில் 2012-13இல் நடந்த சோதனையில் காவலர்களின் பலப்பிரயோகமும் அவர்கள் மீதான புகார்களும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் தலைநகர் வாஷிங்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு, 2017இல் வெளியானபோது, குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு கொல்லப்பட்டபோது அங்கிருந்த காவலர்கள் கேமரா அணிந்திருந்தனர். அது அவர்களைத் தடுக்கவில்லை. காவல்துறையின் முதல் அறிக்கை அதை உடல்நலக் குறைவால் நேர்ந்த மரணம்போல் விவரித்தது. அந்தப் பொய்யை உடைத்தது தெருவில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணின் கைப்பேசிப் பதிவு.

நமது மண்ணிலும் இதே அனுபவம் உண்டு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமற்போன புகாரின் பேரில் கோயில் காவலாளி ஒருவரைத் தனிப்படைக் காவலர்கள் அடித்தே கொன்றதாக எழுந்த வழக்கு சிபிஐயிடம் சென்றது. அவர் அடிக்கப்பட்டதை மறைவில் இருந்து ஒருவர் கைப்பேசியில் பதிந்ததே மக்களின் கோபத்தைத் திரட்டியது. தனிப்படையினர் சீருடை அணிவதில்லை. காவல் நிலையத்திலும் வைத்து விசாரிப்பதில்லை. சீருடையில் கேமரா என்ற உத்தரவு இவர்களைத் தொடாது. ஆகவே காவல்துறையின் நடவடிக்கையை மக்கள் படம்பிடிக்கும் உரிமையைப் பாதுகாப்பது, காவலருக்குக் கேமரா கேட்பதற்குச் சற்றும் குறையாத கடமை.

மறுபக்கம்

தோழர்களே, இந்தக் கேமராவின் கண் நம்மை நோக்கியும் திரும்பும். நமது ஆர்ப்பாட்டங்களைக் காவல்துறை படம்பிடிப்பது புதிதன்று. ஆனால் இப்போது அந்தப் படத்தோடு முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் இணைந்துள்ளது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அடையாள அட்டை ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு 1,100க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டதாகத் தில்லிக் கலவரம் குறித்து ஒன்றிய உள்துறை அமைச்சர் 2020 மார்ச்சில் மக்களவையில் கூறினார். வாக்களிக்கத் தந்த புகைப்படம் காவல்துறையின் தேடுபொருளாகிறது. உடற்கேமராவோடு இந்த மென்பொருளும் சேர்ந்தால், ஒவ்வொரு காவலரும் நடமாடும் உளவுக் கருவியாவார். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியும் குடியிருப்புக்காகப் போராடும் சேரி மக்களும்தான் முதலில் பதியப்படுவார்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கே தந்துள்ளது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியுள்ளது. அந்தப் பதிவு தாமதமின்றி நடுவருக்கு அனுப்பப்பட வேண்டும் என்கிறது. இது நல்லதே. ஆனால் அதே சட்டம், முன்பு முதல் 15 நாட்களுக்குள் மட்டுமே கேட்க முடிந்த போலீஸ் காவலை, குற்றத்தின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பகுதி பகுதியாகக் கேட்கலாம் என்று மாற்றிவிட்டது. பொருளைக் கைப்பற்றுவதைப் பதிவது கட்டாயம். மனிதனை அடைத்து வைத்து விசாரிப்பதைப் பதிவது கட்டாயம் இல்லை. ஆட்சியாளர்களின் முன்னுரிமை எது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கீழ்நிலைக் காவலர் பற்றியும் பேச வேண்டும். ஓய்வின்றி உழைக்கும் அவரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையே. அவர் சட்டையில் மட்டும் கேமரா பொருத்தி, உத்தரவிடும் அதிகாரியின் அறையை இருட்டில் வைத்தால், தண்டனை கீழே நிற்பவரோடு முடிந்துவிடும். சாத்தான்குளத்தில் நடந்ததை நடுவரிடம் துணிந்து கூறியவர் ஒரு பெண் தலைமைக் காவலர் என்பதை மறக்கலாகாது. அத்தகையோருக்குப் பாதுகாப்பு வேண்டும். காவலர் சங்க உரிமையைக் கட்டுப்படுத்தும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை மேலதிகாரியின் தயவில் நிறுத்தியுள்ளது. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் நமது கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும்.

நமது கோரிக்கைகள்

முதலாவதாக, கைது, சோதனை, தடியடி, விசாரணை ஆகியவற்றின்போது கேமரா இயங்குவது சட்டத்தால் கட்டாயமாக்கப்பட வேண்டும். தனிப்படைகளுக்கும் இது பொருந்த வேண்டும். புகார் தரும் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் அந்தரங்கத்திற்கு மட்டுமே விலக்கு வேண்டும்.

இரண்டாவதாக, பதிவுகள் காவல்துறையின் பிடியிலிருந்து விலக்கப்பட்டு, மாவட்ட நீதித்துறையின் பொறுப்பில் வைக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குக் குறித்த நாட்களுக்குள் நகல் தரப்பட வேண்டும்.

மூன்றாவதாக, இருக்க வேண்டிய பதிவு இல்லையெனில் நீதிமன்றம் காவல்துறைக்கு எதிராகவே அனுமானிக்க வேண்டும். காவலில் ஏற்பட்ட காயத்திற்குக் காவலரே பொறுப்பு என அனுமானிக்க இடமளிக்குமாறு சட்ட ஆணையம் தனது 113ஆவது அறிக்கையில் 1985லேயே பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. இந்த ஒரு விதி வந்தால், கேமராவைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டிய அக்கறை காவல்துறைக்கே வந்துவிடும்.

நான்காவதாக, இப்பதிவுகளில் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்தத் தடை வேண்டும்.

ஐந்தாவதாக, பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியபடி, காவல்துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்கும் ஆணையங்கள் உண்மையான அதிகாரத்துடன் இயங்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. அதை ஏற்று, சித்திரவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட வேண்டும்.

கிளைகள் செய்ய வேண்டியது

இவை நிறைவேறும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. நமது பகுதியில் ஒருவரைக் காவல்துறை அழைத்துச் சென்றால், எந்த நேரம், எந்த இடம், எந்த வாகனம் என்பதைக் குறித்து வையுங்கள். அன்றே காவல் கண்காணிப்பாளருக்கும், நீதித்துறை நடுவருக்கும், மாவட்ட மேற்பார்வைக் குழுவுக்கும், இன்ன நாளின் இன்ன நேரப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என எழுத்து மூலம் மனு அனுப்புங்கள். மனித உரிமை மீறப்பட்டவருக்குப் பதிவைப் பாதுகாக்கச் செய்யும் உரிமை உண்டு என்பதை நிலையத்தில் அறிவிப்பாக வைக்க வேண்டும் என்று 2020 தீர்ப்பே கூறுகிறது. அந்த அறிவிப்புப் பலகை உங்கள் நிலையத்தில் உள்ளதா என்று பாருங்கள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவலை 48 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதைப் பயன்படுத்துங்கள். கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தும்போது வழக்கறிஞரோடு அங்கே இருங்கள். உடலில் காயம் இருந்தால் அதை நடுவரிடம் சொல்லச் செய்யுங்கள்.

இவ்வாறு பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், பழங்குடியினர், சிறுபான்மையினர், அன்றாடக் கூலிகள். வழக்கறிஞரைத் தேடிச் செல்ல அவர்களிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அந்த முதல் நாளில் அவர்கள் பக்கத்தில் கட்சிக் கிளை நின்றால், பதிவு அழிவதற்கு முன்பே கேள்வி எழும். வர இருக்கும் கிளைக் கூட்டங்களில் இதை விவாதித்து, ஒவ்வொரு காவல் நிலையத்திற்கும் பொறுப்பான இரு தோழர்களைத் தேர்வு செய்யுங்கள் என்று கேட்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.