வெளிநாட்டில் ஓர் அவசரம் என்றால்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியது)

பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று போய் வருகிறவர்கள் நம் குடியிருப்பில் நிறைய பேர் இருக்கிறீர்கள். விசா, டிக்கெட், ஊறுகாய் பாட்டில் வரை சரிபார்த்துக்கொண்டுதான் கிளம்புகிறோம். அங்கே ஓர் ஆபத்து வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

சிங்கப்பூரில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். மகனும் மருமகளும் ஆபீஸ் போன பிறகு, ஒருநாள் காலையில் என் மனைவிக்கு நெஞ்சுவலி. மகனைக் கூப்பிட்டேன், மீட்டிங், எடுக்கவில்லை. மருமகளும் எடுக்கவில்லை. பதற்றத்தில் சென்னையில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் அங்கிருந்து என்ன செய்வான்? கடைசியில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாதான் 995-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது, மனைவி பிழைத்துக்கொண்டாள். ஆனால் நான் வீணாக்கிய அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன். யாரை முதலில், யாரை அடுத்து என்ற வரிசை முக்கியம்.

முதலில் அந்த நாட்டின் அவசர எண். நம் 108 அங்கே உதவாது. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, போலீஸுக்கு 999. அமீரகத்தில் ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999. அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் 911. பிரிட்டன், மலேசியாவில் 999. ஆஸ்திரேலியாவில் 000. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112. கேட்டவுடன் சொல்ல பிளாக் எண், மாடி, கதவு எண்ணோடு முழு முகவரி தெரிந்திருக்க வேண்டும். மகனுக்கு அதற்குப் பிறகு சொல்லலாம்.

இரண்டாவது, பயணக் காப்பீடு. பாலிசியில் 24 மணி நேர உதவி எண் இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அந்த எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு கிளெய்முக்கு அலைய வேண்டியிருக்கும். சிங்கப்பூர் அரசு ஆஸ்பத்திரியில்கூட நம்மைப் போன்ற விருந்தாளிகளுக்குச் சலுகைக் கட்டணம் கிடையாது; முன்பணமும் கேட்பார்கள். இன்னொன்று: பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காதீர்கள். கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

மூன்றாவது, இந்தியத் தூதரகம். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகலோடு தூதரகத்துக்குப் போங்கள். அவசரமாக ஊர் திரும்ப மட்டும் 'எமர்ஜென்சி சர்டிபிகேட்' தருவார்கள். யாரையாவது கைது செய்தால், தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை 1963 வியன்னா ஒப்பந்தப்படி நமக்கு உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி பில்லைத் தூதரகம் கட்டிவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். கதியற்றவர்களுக்கென்று ஒரு நலநிதி இருக்கிறது; அதையும் விசாரித்துத்தான் தருவார்கள்.

"எல்லாம் போனில் இருக்கிறதே" என்பீர்கள். போன் தொலைந்தால்? சார்ஜ் தீர்ந்தால்? ஒரு அரைத்தாளில் இந்த எண்கள், தங்கும் முகவரி, பாலிசி எண், பாஸ்போர்ட் எண், சாப்பிடும் மாத்திரைகள், ரத்தப் பிரிவு ஆகியவற்றை எழுதுங்கள். ஒன்று உங்கள் சட்டைப் பையில், ஒன்று வீட்டுக்காரம்மா கைப்பையில், ஒன்று இங்கே நம்பிக்கையானவரிடம்.

எழுதப் பத்து நிமிஷம் ஆகும். நான் அன்று தொலைத்ததும் அதே பத்து நிமிஷம்தான்.